மேடம் வரும்வரை பூட்டியிருந்த அறை

புயல் ஞாயிற்றுக்கிழமை அடித்தது. திங்கட்கிழமை காலையிலேயே குழந்தைகளுக்கென்று தனியாக ஓர் அறையை ஒதுக்கி, பெருக்கித் துடைத்து, பூட்டியும் விட்டோம். குழந்தைகள் விஷயத்தில் எங்கள் ஊரை யாரும் குறை சொல்ல முடியாது.

பள்ளிக்கூடத்தில் கூரை பறக்காமல் தப்பிய ஒரே வகுப்பறை அது. உள்ளே வண்ண வண்ணப் பாய்கள், பொம்மைகள், சுவர் முழுக்கக் காகிதப் பூ. நடுவில் அட்டைப் பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். தண்ணீரில் போடும் குளோரின் மாத்திரை, வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம், சோப்பு, போர்வை எல்லாம் அந்தப் பெட்டிகளில் இருந்தன. கதவுக்கு மேலே 'குழந்தை நேய அறை' என்று ஒரு பலகை. பலகைக்குக் கீழே ஒரு பூட்டு. சாவி கேப்டன் கழுத்தில் சிலுவையோடு சேர்ந்து தொங்கியது.

எங்கள் நாட்டில் ஊர்த்தலைவரைக் கேப்டன் என்போம். எங்கள் கேப்டன் எர்மோகெனஸுக்கு நீச்சல் தெரியாது. ஆனால் விருந்தினரை வரவேற்கத் தெரியும். புயல் வருவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே அவர் வரவேற்புப் பதாகை அடித்து வாங்கிவிட்டார். புயலின் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. அதைப் பிற்பாடு மையால் எழுதிக்கொண்டார்.

நான் பெர்பெத்துவா. ஊரில் பெப்பாங் என்பார்கள். இருபத்திரண்டு வருடமாக ஊர்ச் சுகாதாரத் தொண்டர். குழந்தைகளை எடை பார்ப்பது, தடுப்பூசிக்கு ஆள் கூட்டுவது, திட்டு வாங்குவது, திட்டுவது என் வேலைகள். கடைசி வேலை எனக்கு நன்றாக வரும்.

முகாமில் எண்பத்தொரு குடும்பங்கள் இருந்தன. குழந்தைகள் நூற்றுப் பதின்மூன்று பேர். நானே விரல்விட்டு எண்ணினேன். எல்லோரும் பள்ளிக்கூடத்தை ஒட்டிய கூடைப்பந்து மைதானத்தில் கிடந்தார்கள். அந்த மைதானத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர் எங்கள் தொகுதி எம்.பி. கூரையில் தன் பெயரைப் பெரிதாக எழுதியும் வைத்திருந்தார். புயலில் பாதிக் கூரை போய்விட்டது. பெயர் இருந்த பாதி பக்கத்து ஊர் வயலில் கிடப்பதாகச் சொன்னார்கள். மிச்சமிருந்த பாதியின் கீழே, கணுக்கால் தண்ணீரில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் பிள்ளைகளைப் படுக்க வைத்திருந்தோம்.

திங்கட்கிழமை காலையே கேப்டனைப் பிடித்தேன்.

"கேப்டன், புள்ளைங்க ஈரத்துல கெடக்குதுங்க. அந்த ரூமைத் தொறந்து விடுங்க."

"தொறந்தா என்ன ஆகும்?"

"புள்ளைங்க உள்ள போகும்."

"அதான் பெப்பாங் நானும் சொல்றேன். உள்ள போனா அழுக்காயிடும். பத்து மணிக்கு மேடம் வர்றாங்க. ரிப்பன் வெட்டி அவங்க கையாலதான் தொறக்கணும்."

மேடம் டிவினா எம்.பி.யின் மனைவி. குழந்தைகள் நலன் அவருடைய துறை. எம்.பி.க்குச் சாலை, கூரை, சேவல் சண்டை, மேடத்துக்குக் குழந்தைகள். வீட்டுக்குள்ளேயே பிரித்துக்கொண்டார்கள்.

பத்து மணிக்கு மேடம் வரவில்லை. மதியமும் வரவில்லை. மேடத்துக்காக நடனம் கற்றுக்கொண்ட இருபது பிள்ளைகள் மட்டும் தண்ணீரில் நின்று ஆடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். காலையில் ஆளுக்கு ஒரு குவளை அரிசிக் கஞ்சி குடித்ததோடு சரி. நிவாரணமாக வந்த மத்தி மீன் டப்பாக்களும் மேடம் கையால்தான் கொடுக்கப்பட வேண்டும்.

அன்று மதியம், நான் மைதானத்தின் ஒரு கோடியில் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தபோது, இன்னொரு கோடியில் கேப்டனின் மனைவி ஃபிலோமினா தர்மம் செய்ய ஆரம்பித்தாள். அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் ஊருக்கு எவ்வளவோ நல்லதாகப் போயிருக்கும். தன் கடையில் மிஞ்சிய பால்பவுடர் டப்பாக்களைச் சுமந்துகொண்டு, கைக்குழந்தை வைத்திருப்பவர்களைத் தேடிப் போனாள். முதலில் அகப்பட்டவள் ஜெசிபெல்.

ஜெசிபெல்லுக்குப் பத்தொன்பது வயது. புருஷன் மணிலாவில் கட்டட வேலை. ஐந்து மாதக் குழந்தை லெனார்ட். புயலின்போது குழந்தையைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கூரைமேல் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். இறங்கி வந்ததும் பால் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அடியே, அவ்வளவு மழையில நனைஞ்சு, பயந்து நடுங்கின ஒடம்பு. அந்தப் பால் கெட்டுப் போயிருக்கும்டி! அதைப் போய்க் கொழந்தைக்குக் குடுக்கறியே" என்று பதறியிருக்கிறாள் ஃபிலோமினா.

எங்கள் பக்கத்தில் இதை எல்லோரும் நம்புவார்கள். வெயிலில் அலைந்தால் தாய்ப்பால் கெடும், மழையில் நனைந்தால் கெடும், பசித்தால், அழுதால், பயந்தால் கெடும். என்னமோ நேற்று வைத்த குழம்பைப் பற்றிப் பேசுவது மாதிரிப் பேசுவார்கள். ஜெசிபெல்லின் அம்மாவே தலையாட்டினாள். டப்பாவைத் திறந்து, மைதானத்து அடிபம்பில் அடித்த தண்ணீரில் கரைத்து, யாரோ கொடுத்த புட்டியில் ஊற்றினார்கள். ஃபிலோமினா டப்பாவை நீட்ட, ஜெசிபெல் வாங்க, போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பம்பிலிருந்து ஐந்தடி தள்ளிக் கழிப்பறைக் குழி. வெள்ளத்தில் இரண்டும் ஒன்றாகி ஒரு நாள் ஆகியிருந்தது.

பேரிடர் முகாமில் பால்பவுடரை விநியோகிக்கக் கூடாது என்று நகரத்தில் எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். சான்றிதழும் கொடுத்தார்கள். சான்றிதழை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. பயிற்சியையும் கொண்டுபோயிருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை காலை லெனார்டுக்கு வயிற்றுப்போக்கு. மதியத்துக்குள் பதினோரு தடவை. எனக்குத் தகவல் வந்தபோதுதான் டப்பா விஷயமே தெரிந்தது.

"யாருடி சொன்னது ஒம் பால் கெட்டுப் போச்சுன்னு?"

"எல்லாருந்தான் சொல்றாங்கக்கா. எங்கம்மாவும் சொன்னாங்க."

"ஒங்கம்மா ஒனக்குக் குடுத்தப்ப புயலே அடிக்கலியா? நீ பொறந்த வருஷம் ரெண்டு புயல். செத்தா போயிட்ட? புட்டியத் தூக்கிக் கடாசு. மாருல போடு அவன!"

போட்டாள். குழந்தை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுச் சோர்ந்து போனான். உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுக்கலாம் என்று ஊரெல்லாம் சர்க்கரை தேடினேன். அத்தனை வீட்டுச் சர்க்கரையும் ஏற்கெனவே கடலில் கரைந்திருந்தது. கஞ்சி அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கஞ்சித் தெளிவில் உப்புப் போட்டுக் கொடுத்துப் பார்த்தேன். வாந்தி எடுத்தான். அவனுக்கு வேண்டிய பொட்டலம் என் கண்ணெதிரே, ஜன்னல் சட்டங்களுக்கு அந்தப் பக்கம், கோபுரமாக நின்றது.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றால் பாலம் இல்லை. ஆற்றைக் கடக்கக்கூடிய ஒரே வண்டி எம்.பி. அலுவலகத்து ஆறு சக்கர லாரி. மாதா கோயில் படிக்கட்டில் ஏறி நின்றால்தான் செல்போனில் சிக்னல் கிடைக்கும். ஏறி நின்று கூப்பிட்டேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள். லாரி அச்சகத்தில் நிற்கிறதாம். நிவாரணப் பைகளில் ஒட்ட வேண்டிய மேடத்தின் படம் இன்னும் காயவில்லையாம். காய்ந்ததும் மேடம் லாரியோடு வந்துவிடுவாராம்.

எனக்கு அழுகை வந்தது. கோயில் படியில் நின்றுகொண்டு, மாதா சிலைக்கு எதிரில், வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன். அவளும் ஒரு பிள்ளையைப் பெற்றவள்தானே, கேட்டுக்கொள்ளட்டும்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜெசிபெல் என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, இவன் நேத்து மத்தியானத்துலேர்ந்து ஒண்ணுக்கே போகலக்கா. துணி காஞ்சே கெடக்குது."

பார்த்தேன். கண் உள்ளே போயிருந்தது. உச்சிக்குழி அமுங்கியிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. வாயைத் திறந்து அழுதான். சத்தமும் வரவில்லை, கண்ணீரும் வரவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் இந்த மாதிரி இரண்டு குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் இப்போது இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கேப்டன் வந்தார். மேடம் இன்று நிச்சயம் என்ற செய்தியோடு, மடிப்புக் கலையாத சட்டை, வாரிய தலை.

"பாத்தியா பெப்பாங், மத்ததெல்லாம் கத்திக்கிட்டே இருக்குது. இவன் எவ்வளவு சமத்தா இருக்கான்! மேடம் கையில குடுக்கறதுக்கு இவன்தான் சரி."

"கேப்டன், இவன் சமத்தா இல்ல. சாகப் போறான். சாவியக் குடுங்க."

"பத்து மணிக்கு மேடம்..."

"எந்த ஊருப் பத்து மணி? முந்தா நேத்து பத்து மணியா, நேத்து பத்து மணியா?"

அதற்குமேல் அவரிடம் பேச எனக்குப் பொறுமை இல்லை. கஞ்சி அடுப்பருகே தேங்காய் உரிக்கும் இரும்புக் கம்பி கிடந்தது. எடுத்துக்கொண்டு அறையை நோக்கி நடந்தேன். கேப்டன் கதவுக்குக் குறுக்கே கையை விரித்து நின்றார்.

"பெப்பாங்! இது அரசாங்கச் சொத்து!"

"நகருங்க கேப்டன். கம்பிக்குக் கண்ணு கெடையாது."

நகர்ந்தார். மூன்று அடியில் கொண்டி பெயர்ந்து வந்தது. எனக்குப் பின்னாலேயே மைதானத்துப் பிள்ளைகள் அத்தனையும் உள்ளே பாய்ந்தன. காய்ந்த பாயைப் பார்த்ததும் சிலது பொம்மையைக்கூடத் தொடவில்லை. அப்படியே படுத்துத் தூங்கிவிட்டன. நான் கோபுரத்தின் உச்சிப் பெட்டியில் கை வைத்தேன்.

கேப்டன் அலறினார். "உச்சியில எடுக்காத! அடுக்கு கலைஞ்சிரும்! பின்னாடி வரிசையிலேர்ந்து எடு, போட்டோவுல தெரியாது."

அவர் செய்த உதவியை மறைக்கக் கூடாது. பின்வரிசைப் பெட்டியை அவரே இழுத்துக் கொடுத்தார்.

கொதித்து ஆறிய தண்ணீரில் பொட்டலத்தைக் கரைத்து, ஒரு தேக்கரண்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு கரண்டி. ஒரு நிமிடம். இன்னொரு கரண்டி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடியும். நடுநடுவே ஜெசிபெல் மார்பில் போட்டாள். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. கால் மரத்துப் போனது. துணி காய்ந்தே கிடந்தது. இப்போது ஊரே மேடத்துக்காகக் காத்திருந்தது, நானும்தான். மேடம் வந்தால் லாரி வரும்.

இரண்டு மணிக்கு லாரிச் சத்தம் கேட்டது. கேப்டனுக்கு வந்ததே வேகம்! தூங்கிய பிள்ளைகளைத் தட்டி எழுப்பி வெளியே விரட்டினார். தரையைத் துடைக்கச் சொன்னார். பெயர்ந்த கொண்டியின்மேல் காகிதப் பூவை ஒட்டினார். ரிப்பன் கட்டினார். எங்களையும் எழுப்பப் பார்த்தார். நான் பார்த்த பார்வையில் யோசனையை மாற்றிக்கொண்டார்.

"சரி, நீங்க உள்ளயே இருங்க. ரிப்பன் வெட்டித் தொறக்கும்போது ஒரு தாயும் கொழந்தையும் இருந்தா நல்லாத்தான் இருக்கும். அந்தக் கரண்டிய மட்டும் மறைச்சு வை, வியாதி மாதிரித் தெரியுது."

கதவு திறந்தது. கைதட்டல். மேடம் வெள்ளை மேலங்கியில், நெஞ்சில் தன் பெயர் பின்னியிருக்க, உள்ளே வந்தார். பார்க்கச் சின்னப் பெண்தான், நாற்பதுகூட இருக்காது. முகத்தில் களைப்பு. அவருடைய உதவியாளன் ஒருவன் கேமராவோடு முன்னால் பின்வாங்கிப் பின்வாங்கி நடந்தான்.

"எவ்வளவு அழகா வச்சிருக்கீங்க கேப்டன்! இந்தப் பாயெல்லாம் புதுசு மாதிரியே இருக்கே" என்றார் மேடம்.

"புள்ளைங்களுக்கு நாங்க சுத்தம் கத்துக் குடுத்திருக்கோம் மேடம்."

உதவியாளன் ஜெசிபெல் மடியிலிருந்து லெனார்டை வாங்கி மேடம் கையில் கொடுத்தான். நான் கரண்டியோடு எழுந்து பக்கத்தில் போய் நின்றேன்.

"மேடம், இந்தக் கொழந்தைக்கு ஒடம்புல தண்ணியே இல்ல. ஒங்க லாரியில இப்பவே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

மேடம் உதவியாளனைப் பார்த்தார். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "இது முடிஞ்சு இன்னும் மூணு ஊர் இருக்கு அக்கா. சாயங்காலம் திரும்பி வரும்போது ஏத்திக்கலாம். கொஞ்சம் தள்ளுங்க, ஒங்க கை படத்துல விழுது."

"விழட்டும்" என்று குழந்தை வாயில் ஒரு கரண்டி ஊற்றினேன்.

"மேடம், கொஞ்சம் சிரிங்க. கொழந்தைய இன்னும் மேல தூக்குங்க. நெஞ்சுக்கு நேரா."

மேடம் தூக்கினார். சிரித்தார். அப்போதுதான் அவர் மார்பில், பின்னியிருந்த பெயரின் முதல் எழுத்துகளுக்குக் கீழே, ஒரு ஈரம் பரவியது. சின்ன வட்டமாகத்தான் ஆரம்பித்தது. பிறகு பெயர் முழுவதும் நனைந்து, இடுப்புவரை வழிந்தது. அடர்ந்த மஞ்சள் நிறம்.

கேப்டனின் முகம் வெளிறிப் போயிற்று. நான் மண்டி போட்டு உட்கார்ந்து அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தேன். மோந்தும் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

"பெஞ்சிட்டான்! ஜெசிபெல், பெஞ்சிட்டான்டீ!"

அவள் ஓடி வந்து, மேடத்தின் நனைந்த மேலங்கியில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். மேடம் குழந்தையைக் கீழே விடவும் முடியாமல், அணைக்கவும் முடியாமல், கையை நீட்டியபடி நின்றார். "இதுக்கு ஏன் அழறாங்க?" என்று கேப்டனைத்தான் கேட்டார்.

கேப்டனுக்குப் பதில் சொல்ல எங்கே நேரம்? அவர் மானம் போய்க்கொண்டிருந்தது. "மன்னிச்சிருங்க மேடம், மன்னிச்சிருங்க! ஏய், மொதல்ல இவங்கள இங்கேருந்து கெளப்பு! ரெண்டு பொம்பளையையும் அந்தக் கொழந்தையையும் லாரியில ஏத்தி எங்கயாவது அனுப்பித் தொலை!"

"எங்க சார் அனுப்பறது?" என்றான் உதவியாளன்.

"பெரியாஸ்பத்திரிக்கு" என்றேன் நான்.

"ஆமா, அங்கதான்! போ, போ!"

இரண்டு நாள் கெஞ்சியும் கிடைக்காத லாரி ஒரே மூத்திரத்தில் கிடைத்தது. மேடத்தின் படம் ஒட்டிய பைகளை அவசர அவசரமாக இறக்கி எங்களுக்கு இடம் பண்ணினார்கள். வழியெல்லாம் கரண்டி நிற்கவில்லை. ஆற்று நடுவில் லாரி குலுங்கியபோது பாதி என் மடியில் கொட்டியது. ஆஸ்பத்திரியில் பார்த்ததும் ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள். சாயங்காலம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை லெனார்ட் வார்டே அதிரும்படி அழுதான். ஜெசிபெல் மார்பில் போட்டதும்தான் நிறுத்தினான். பால் கெட்டிருப்பதாக அவன் ஒன்றும் புகார் செய்யவில்லை.

சனிக்கிழமை ஊர் திரும்பினேன். மைதானத்தில் தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது, சேறு இருந்தது. பிள்ளைகள் அதே பெஞ்சுகளில் படுத்திருந்தார்கள். எட்டுப் பேருக்குக் காய்ச்சல், ஐந்து பேருக்கு வயிற்றுப்போக்கு. குழந்தை நேய அறையின் கதவில் புதுக் கொண்டி, புதுப் பூட்டு. உள்ளே பாய்களைத் துடைத்து விரித்திருந்தார்கள். கேப்டன் ஏணியில் நின்று பதாகையில் மேடத்தின் பெயர்மேல் வேறொரு காகிதம் வைத்து ஆணியடித்துக்கொண்டிருந்தார்.

ஏணியை உலுக்கியே கேட்டேன்.

"ஒரு புள்ள மேடம் மேல பெஞ்சுப் பொழைச்சுக்கிட்டான். மிச்சம் நூத்திப் பன்னெண்டு புள்ளைங்க இருக்கு கேப்டன். அதுங்கள்லாம் யாரு மேல பெய்யறது?"

கேப்டன் ஆணியை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

"வியாழக்கிழமை கவர்னர் வீட்டம்மா வர்றாங்க. பத்து மணிக்கு."